சட்டைப்பை பைனாகுலரில் எது குறைகிறது?

பைனாகுலரில் 8×25 என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முகப்பு லென்ஸின் விட்டம் 25 மி.மீ. பெங்களூரு லால்பாகில் காலை எட்டு மணி வெயிலில் ஒரு கிளியை 8×25-இல் பார்த்தாலும் 8×42-இல் பார்த்தாலும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. 25-ஐ 8-ஆல் வகுத்தால் 3.1. கண் பக்கம் வெளியே வரும் ஒளிவட்டம் அத்தனை மில்லிமீட்டர். பகலில் கண்மணி திறப்பதே இரண்டு, மூன்று மி.மீ.தான், அதற்கு மேல் வரும் ஒளி உள்ளே போகாது. அதே ஊர் ஹெப்பாள் ஏரியில் பொழுது சாய்ந்து கண்மணி 5 மி.மீ. விரியும்போதுதான் குட்டு வெளிப்படும். அப்போது 8×25 தருவது பெரியது தருவதில் ஐந்தில் இரண்டு பங்கு.

பகலிலேயே படுத்தும் தொல்லை வேறு. வட்டம் 3.1, கண்மணி 2.5 என்றால் விளையாட்டு இடம் அரை மில்லிமீட்டர் சொச்சம். கண் கொஞ்சம் விலகினால் ஓரத்தில் கரும்பிறை விழும். 10×25-இல் அந்த இடமும் கிடையாது, கூடவே கைநடுக்கம் பத்து மடங்கு. கடைக்காரர் "ஜூம் அதிகம் சார்" என்பார், விட்டுவிடுங்கள்.

கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். குழாயைக் குட்டையாக்க முகப்பு லென்ஸின் குவியத்தூரத்தைக் குறைக்க வேண்டும். அது 160 மி.மீ. என்றால் எட்டு மடங்குக்குக் கண் லென்ஸ் தொகுதியின் குவியத்தூரம் 20 மி.மீ.; 100 ஆக்கினால் 12.5. சாதாரண அமைப்பில் கண்ணை எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்பதும் அதோடு சுருங்கும். மூக்குக்கண்ணாடிக்கு 15 மி.மீ.யாவது வேண்டும். அதைச் சின்ன உடலில் கொண்டுவர, கண் லென்ஸைப் பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் காட்சிப் பரப்பைக் குறுக்க வேண்டும். மலிவான கம்பெனிகள் இரண்டாவதைச் செய்யும். குழல் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும். குவியத்தூரம் குறைந்தால் வண்ணப்பிசிறும் கூடும். வெள்ளை வானத்துக்கு எதிரே கிளையின் விளிம்பில் ஊதா, பச்சைக் கோடு தெரிவது அதனால்தான்.

தலைகீழாக விழும் படத்தை நிமிர்த்தும் பிரிஸத்தில் இரண்டு வழி. நேர்க்குழாய் ரூஃப் (கூரை) வகை மெலிதாக மடங்கும். ஆனால் சிறு பைனாகுலர்களில் அதிகம் வரும் ஷ்மிட்–பெக்கான் பிரிஸத்தில் ஒரு பரப்புக்குத் தனியாக ஒளியைத் திருப்பும் கண்ணாடிப்பூச்சு வேண்டும், கூரை விளிம்புக்கு ஒளி அலைகளின் பிசகைச் சரிசெய்யும் ஃபேஸ் கோட்டிங்கும் வேண்டும். அது இல்லாவிட்டால் படம் சோகையாக இருக்கும். இன்னொன்று தலைகீழ்ப் போரோ, முகப்பு லென்ஸ்கள் கண் லென்ஸ்களைவிட உள்ளே நெருங்கி நிற்கும் வகை. அதில் இந்தச் செலவு இல்லை. அதே விலைக்குப் படம் பளிச்சென்று வரும். தடிமன்தான் கூடுதல், சட்டைப்பைக்கு அடங்காது. முகப்பு லென்ஸ்கள் நெருங்கியிருப்பதால் கிட்டப் பார்வைக்கும் இது தோது. பென்டாக்ஸ் பாப்பிலியோ 6.5×21 அரை மீட்டரில் உள்ள வண்ணத்துப்பூச்சியையே காட்டும்.

ஒரே பைனாகுலரில் சாயங்காலமும் சமாளிக்க வேண்டுமென்றால் 8×32-க்குக் கீழே இறங்காதீர்கள். ஒளிவட்டம் 4 மி.மீ. ஆனால் அது பையில் போகும், பாக்கெட்டில் போகாது.

வாங்கும் முன் கடை வாசலுக்கு எடுத்துப் போங்கள். கை நீட்டிப் பிடித்து வானத்தை நோக்கினால் ஒளிவட்டம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். போரோவில் ஓரம் சாம்பலாகிச் சதுரம் போலத் தெரிந்தால் பிரிஸம் மட்டரகம். அடுத்து எதிரே ஓடும் மின்கம்பியைப் பார்த்துக்கொண்டே பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு சாண் விலக்குங்கள். இரண்டு வட்டத்திலும் கம்பி ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இரட்டைக் கீல் வைத்து மடக்கும் மாடல்களில் இது அடிக்கடி தப்பும். மேலும் கீழுமாக நின்றால் பத்து நிமிடத்தில் தலைவலி வரும், வேறு பீஸ் கேளுங்கள்.