கௌராமியின் கொறகொறப்பைப் பதிவு செய்த கதை

குரோக்கிங் கௌராமி என்ற குட்டித் தொட்டி மீனை வளர்ப்பவர்களுக்கு அதன் கொறகொறப்புச் சத்தம் பழக்கமானதுதான். அறை அமைதியாக இருந்தால் தொட்டிக்கு வெளியேயே 'கொர்ர்... கொர்ர்' என்று கேட்கும். விரல் நீளம்கூட இல்லாத மீன் போடும் சத்தம் என்றால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். அதைத் தண்ணீருக்குள்ளிருந்தே, அதுவும் முட்டையிடும் நேரத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று ஆசை. இரண்டு மாதம் ஓடிவிட்டது.

மைக் நானே செய்ததுதான். பஸ்ஸரில் இருக்குமே, அதிர்வை மின்சாரமாக மாற்றும் அந்தப் பியெசோ வில்லை ஒன்று, ஷீல்டு ஒயர், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், கைக்கு அடக்கமான ரெக்கார்டர். வில்லையை ஹாட் குளூவால் மூடினேன். மூன்றாம் நாளே பசை ஓரத்தில் பிரிந்து, தண்ணீர் புகுந்து, 'ஙொய்' என்ற இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. அடுத்ததை எபாக்சிப் பசையில் முழுக்கப் பொதிந்தேன். அது இன்றுவரை தாங்குகிறது.

அப்புறம் ஃபில்டர். காதுக்கு மெல்லிசாகத் தெரிகிற மோட்டார், தண்ணீருக்குள் மாவு மில் மாதிரி ஓடுகிறது. பதிவு செய்யும் நேரத்துக்கு மட்டும் அதையும் ஹீட்டரையும் நிறுத்தினேன். முதல் வாரம் 'ப்ளப்' என்று ஒரு சத்தத்தைப் பிடித்துவிட்டுக் குதித்தேன். அது மீன் மேலே வந்து காற்று குடிக்கிற சத்தம். கௌராமி காற்றையும் சுவாசிக்கிற மீன் என்பது தெரிந்தும் ஏமாந்தேன்.

நிஜக் கொறகொறப்பு பத்தாம் நாள் கிடைத்தது. இரண்டு ஆண்கள் பக்கவாட்டில் ஒன்றையொன்று சுற்றி, துடுப்பை விரித்துக்கொண்டு முறைத்தபோது. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு 'கொர்'ரும் இரண்டிரண்டு துடிப்புகளாக வரிசையாக நிற்கிறது. தொண்டைக்கு இதில் வேலையே இல்லை. மார்புத் துடுப்பில் தடித்த தசைநாண்கள் துடுப்புக் கதிர்களின் மேல் ஏறி வழுக்கும்போது, கிடார் தந்தியைச் சுண்டுவது போலச் சத்தம் வருகிறது. இடது துடுப்பு ஒரு ஜோடித் துடிப்பு, வலது துடுப்பு அடுத்த ஜோடி. கத்தாளை மாதிரி கடல் மீன்கள் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்துச் சத்தம் போடுகின்றன. இது வேறு வழி.

சின்னக் கண்ணாடித் தொட்டியில் எதிரொலி சுருதியையே கெடுத்துவிடும். அதனால் ஹெர்ட்ஸ் கணக்கை நான் நம்பவில்லை, துடிப்புகளை மட்டும் எண்ணினேன்.

முட்டையிடும்போது இதைவிடப் பலமாகக் கத்தும், அதுவும் ஆண்தான் கத்தும் என்று நினைத்திருந்தேன். ஒரு ஜோடியைத் தனியாகப் பிரித்து, தண்ணீரைக் குறைத்து, 27 டிகிரியில் வைத்தேன். மிதக்கும் இலைக்கடியில் ஆண் நுரைக்கூடு கட்டியது. மறுநாள் இரண்டும் கூட்டுக்கடியில் சேர்ந்தன. ஆண் வளைந்து பெண்ணைச் சுற்றிக்கொள்ள, முட்டைகள் சிதற, ஆண் அவற்றை வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டியது. கண்ணுக்கு விருந்துதான், ஆனால் ஹெட்போனில் மயான அமைதி. ஆம்ப்ளிஃபயர் செத்துவிட்டதோ என்று தட்டிக்கூடப் பார்த்தேன்.

அப்புறம் படித்துப் பார்த்தால், வியன்னா பல்கலைக்கழகத்தின் ஃப்ரீட்ரிக் லாடிஷ் 2007-லேயே இதை எழுதியிருக்கிறார். கூடும் நேரத்தில் சத்தமிடுவது பெண்தான். அதுவும் சண்டையில் வருவது போன்ற கரகரப்பு இல்லை, சுருக்கமான, மெல்லிய முனகல். நான் சண்டைச் சத்தத்துக்கு ஏற்றபடி கெயினை, அதாவது சத்தத்தைப் பெருக்கும் அளவை, குறைத்து, மைக்கைத் தொட்டியின் எதிர்மூலையில் தொங்கவிட்டிருந்தேன்!

இரண்டு வாரம் கழித்து அதே ஜோடி மறுபடி கூடு கட்டியது. இந்த முறை மைக் கூட்டிலிருந்து நான்கு விரல்கடை தள்ளி, கெயின் முழுக்க. பெண் கூட்டுக்கடியில் வந்து ஆணின் பக்கம் திரும்பியது. 'ர்ர்ர்', அவ்வளவுதான், ஒரு நொடிகூட இல்லை. அடுத்த நிமிடமே ஆண் வளைந்தது. அலையில் பார்த்தால் துடிப்புகள் ஜோடியாக இல்லை, பெரும்பாலும் ஒற்றை ஒற்றையாக இருக்கின்றன. அன்று பதினொரு முறை கூடின. அதில் ஏழு முறை முனகல் தெளிவாகப் பதிந்திருக்கிறது. மீதி நான்கில் பெண் சும்மா இருந்ததா, என் ஆம்ப்ளிஃபயர் இரைச்சலில் அமுங்கிவிட்டதா, சொல்லத் தெரியவில்லை.

பெண்ணை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டேன். ஆண் கூட்டைக் காவல் காக்கிறது. இரைச்சல் குறைவான ஆம்ப்ளிஃபயர் ஒன்றுக்குச் சாலிடரிங் நடந்துகொண்டிருக்கிறது.