பால் பாக்கெட் வாங்கப் போகிற தூரம்

நகரமைப்பு ஆலோசனை அலுவலகம் ஒன்றில் மனைப்பிரிவு வரைபடம் போடுவது என் வேலை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து எங்களிடம் வருகிற லேஅவுட்டுகள் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே முகம்தான். மெயின் ரோட்டை ஒட்டி முன்வரிசையில் கடை மனைகள், உள்ளே முழுக்க வீட்டு மனைகள். பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட வேண்டும் என்பது விதி. அந்த 10 சதவீதம் பெரும்பாலும் விலை போகாத மூலைக்குத்தான் போகும். கண்மாய்க் கரையோரம் முக்கோணமாக மிஞ்சிய துண்டு, அதற்குப் பெயர் பூங்கா.

"சார், பார்க்கை நடுவுல வச்சு, சுத்திக் கொஞ்சம் கடை விடலாமே" என்று புரமோட்டர் ஒருவரிடம் சொன்னேன். "தம்பி, ரோட்டு மேல இருந்தாத்தான் கடைக்கு விலை. உள்ள யாரு வருவா?" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், பாடத்தில் நாங்கள் படித்த கிளாரன்ஸ் பெர்ரியும் அவர் கட்சிதான். 1929இல் அமெரிக்காவில் அவர் போட்ட குடியிருப்புத் திட்டத்தில் பள்ளிக்கூடம் நடுவில் இருக்கும். பெரும்பாலான வீடுகளிலிருந்து கால் மைல், அதாவது 400 மீட்டர், ஐந்து நிமிட நடை. கடைகளை அவர் ஓரத்துக்குத்தான் தள்ளினார். ஆனால் அந்த ஓரத்தில் பக்கத்துக் குடியிருப்புகளும் வந்து சேரும்; ஒரே கடைவீதிக்கு நாலு திசையிலிருந்தும் ஆள் வரும். நம் லேஅவுட்டின் ஓரத்தில் பைபாஸ் ஓடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் கருவேலங்காடு. அங்கே வைக்கிற கடைக்குக் காரில் போகிறவன்தான் வாடிக்கை. உள்ளே குடியிருப்பவர் பால் பாக்கெட்டுக்கும் வண்டியை எடுக்க வேண்டும்.

இதைச் சொன்னால் உடனே, "செட்டிநாட்டுப் பழைய ஊர்களைப் பாருங்கள், எவ்வளவு நேரான தெருக்கள்" என்பார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிய ஊர்கள் இவை. மழைநீர் ஊருணிக்குப் போய்ச் சேர்கிற விதம் ஒன்றுக்காகவே கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் நடப்பதற்கு? கானாடுகாத்தானில் டேப்பைப் பிடித்துக்கொண்டு மதியத்தில் தெரு அளந்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. குறுக்குத் தெருவில் நடந்தால் கூடவே வருவது ஒரே வீட்டின் நீளச் சுவர்தான். கதவு இல்லை, கடை இல்லை, ஒதுங்கத் திண்ணை இல்லை. முகப்புப் பக்கம் திண்ணை உண்டு, பல இடங்களில் அதற்கும் கிரில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

அங்கே சின்ன மளிகைக்கடை வைத்திருந்த அண்ணனிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். கடன் நோட்டை மூடிவிட்டு, "வீட்டை எண்ணாதீக தம்பி, எத்தனை வீட்டுல அடுப்பு எரியுதுன்னு எண்ணுங்க. கலியாணம், முன்னோருக்குப் படைப்புன்னா ஊரே வந்து நிக்கும். மறுநா பூட்டிட்டுப் போயிருவாக" என்றார்.

புது லேஅவுட்டின் நோயும் இதேதான். பாதி மனை, மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வாங்கிப் போட்டவை. அங்கே 400 மீட்டர் வட்டம் போட்டு நான் என்ன செய்ய? வட்டத்துக்குள் அடுப்பு எரிய வேண்டும்.

காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம், கொப்புடையம்மன் கோயிலைச் சுற்றிப் போய்ப் பாருங்கள். கோயில், பூக்கடை, பாத்திரக்கடை, துணிக்கடை, மாடியில் குடித்தனம். யாரும் திட்டம் போட்டுக் கலக்கவில்லை, ஆனாலும் கூட்டம் நடந்துகொண்டே இருக்கிறது. நடைபாதை மட்டும் தேறாது. வேறொரு தெருவில் சாக்கடை சிலாப்பையே நடைபாதை என்று உயர்த்திப் போட்டிருந்தார்கள். இந்தியச் சாலைப் பேரவையின் 2012 வழிகாட்டுதல்படி விளிம்பு உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஓரமாகத் தார்ச்சாலையில் வந்த ஆச்சியிடம், "ஆச்சி, மேல நடக்கலாமே" என்றேன். "அதுல ஏறி எறங்க முழங்கால் யாருட்டப்பா இருக்கு?" என்றுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

இப்போதெல்லாம் வரைபடத்தில் சாலை போடுமுன் சின்ன மனைகளைத்தான் வைக்கிறேன். நடுவில் பொது இடம், அதைச் சுற்றி ஒன்றரை, இரண்டு சென்ட் மனைகள், முனையில் கீழே கடை மேலே வீடு. பெரிய மனைகள் வெளிவட்டத்துக்கு. சிறு மனை வாங்குகிறவர் குடியேறத்தான் வாங்குகிறார், போட்டு வைக்க அல்ல. இது என் அனுமானம், புரமோட்டர்களும் மறுப்பதில்லை. அவர்களுக்கு உறுத்துவது வேறு: நடுவில் இருக்கிற பூங்காவால் நல்ல மனைகள் போகின்றனவே என்பது. பூங்காவைப் பார்த்த மனைக்குக் கூடுதல் விலை சொல்லலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினால்தான் காது கொடுக்கிறார்கள். எந்த அழகியலும் அங்கே எடுபடாது.

அப்படி ஒருவர் சம்மதித்த வரைபடம் இப்போது ஒப்புதலுக்குப் போயிருக்கிறது. உள்ளே இரண்டே இரண்டு கடை மனைகள். ஒன்றில் மாவு மில் வைக்கலாமா என்று கேட்டு ஒருவர் வந்துவிட்டார். பக்கத்து மனையை விசாரித்தவர், சத்தம் கேட்குமே சார் என்கிறார்.