ஐந்து பாலம், ஆறரை மாதம்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற சாலையில் ஐந்து பாலங்கள். கரந்தையில் வடவாறு, பள்ளியக்ரகாரத்தில் வெண்ணாறு, அப்புறம் வெட்டாறு, கண்டியூர் பக்கம் குடமுருட்டி, கடைசியில் காவிரி. மொத்தம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். எங்கள் ஓட்டக் குழுவில் யாரும் கிலோமீட்டர் கணக்குப் பேசுவதில்லை. "இன்னைக்கு எத்தனை பாலம்?" என்பதுதான் கேள்வி.

2025 பொங்கல் முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் சேர்ந்தேன். வயது 44, பள்ளிக்கூட வேலை, கடைசியாக ஓடியது பத்தாம் வகுப்பில். அன்று எல்லோருக்கும் முன்னால் வேகமாகக் கிளம்பினேன். கரந்தை வருவதற்குள் விலாவில் பிடித்துக்கொண்டது, நின்றுவிட்டேன். கடைசி ஆளோடு சேர்ந்து வருவதற்கென்று குழுவில் வாரம் ஒருவர் இருப்பார். அன்றைக்கு மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணனின் முறை. "பேசிக்கிட்டே ஓடுங்க டீச்சர். முழுசா ஒரு வாக்கியம் சொல்ல முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்," என்றார். அடுத்த ஆறு வாரம் எனக்கு இருந்த பயிற்சி இது ஒன்றுதான். இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, கூடவே பேச்சு. என் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் கதையும் அண்ணனுக்கு இப்போது தெரியும்.

அப்போது சம்பா அறுவடை நேரம். போகும்போது நெல் தார்ப்பாய்க்கு அடியில் குவியலாகக் கிடக்கும். திரும்பி வரும்போது சாலையில் பாதிக்குப் பரப்பியிருப்பார்கள், ஓரத்தில் வரிசையாகக் கல். நெல்லை மிதிக்கக் கூடாது என்பது குழுவில் யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விதி. அந்த இடம் வந்ததும் ஒருவர் பின் ஒருவராக ஆகிவிடுவோம். ஒரு அம்மா வெறுங்காலால் நெல்லை வரி வரியாகக் கிளறிக்கொண்டே எங்களைப் பார்ப்பார். மூன்றாவது வாரம் "இன்னிக்கு ஒரு ஆளு கொறையுதே" என்று அவரே கணக்குச் சொன்னார்.

மார்ச் கடைசியில் இரண்டாவது பாலம் தாண்டினேன். டெல்டாவில் ஏற்றம் என்று ஒன்று இருந்தால் அது பாலத்துக்கு ஏறும் அந்தச் சிறு மேடுதான். அதில் அடியைச் சின்னதாக வைத்து, கையை நன்றாக வீசி ஏற வேண்டும். கீழே ஆறு முழுக்க மணல்.

ஏப்ரலில் வலது முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. ஓடத் தொடங்கி இருபது நிமிடம் ஒன்றும் தெரியாது, அப்புறம் ஊசி குத்துவது போலக் குத்தும். பழைய காலணி என்று நினைத்துப் புதிது வாங்கினேன். வலி போகவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருவர், எந்தப் பக்கமாக ஓடுகிறீர்கள் என்று கேட்டார். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நாங்கள் எப்போதும் வலது ஓரம்தான். மழைத்தண்ணீர் வடிய சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிகிறது. அதனால் என் வலது கால் மாதக்கணக்கில் பள்ளத்திலேயே விழுந்திருக்கிறது. இடுப்பின் பக்கத் தசையும் பலமில்லை என்றார். மூன்று வாரம் ஓட்டத்துக்கு விடுமுறை. ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்கி இறக்கும் பயிற்சி, தினமும் பக்கத்துக்கு முப்பது. மறுபடி ஓட வந்தபோது வாரநாளில் விளையாட்டு அரங்கத்தின் சமதளத்துக்கு மாறிக்கொண்டேன். வலி பிறகு வரவில்லை. இதை முதல் நாளே சொல்லித் தந்திருக்க வேண்டும் என்று குழுவில் சொன்னேன். இப்போது புதிதாக வருபவர்களுக்கு முதலில் சொல்வதே சாலைச் சரிவைத்தான்.

மே மாதம் கடினம். விடிகாலையில் வெயில் இல்லை, ஆனால் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும். வேகத்தைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டோம். ஓடி முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர், ஆளுக்கு இரண்டு டம்ளர்.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தார்கள், 15-இல் கல்லணை. அந்த வாரம் ஒரு காலையில் வெண்ணாற்றுப் பாலத்தில் எல்லோரும் நின்றுவிட்டோம். தண்ணீர் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. நடக்கிற வேகம்கூட இல்லை. முன்னால் பழுப்பு நுரை, காய்ந்த சருகு, ஒரு ஒற்றைச் செருப்பு. மணலில் ஒரு குழி வந்தால் நின்று, அதை நிரப்பிவிட்டு மறுபடி கிளம்புகிறது. "இந்த அஞ்சுல மூணு ஒரே தண்ணி டீச்சர்," என்றார் அண்ணன். தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்துதான் வெட்டாறும் வடவாறும் பிரிகின்றன. குடமுருட்டி காவிரியின் கிளை. இத்தனை வருடம் இந்த ஊரிலேயே இருக்கிறேன், ஓடப்போய்த்தான் இது தெரிந்தது. அன்றைக்கு ஓட்டம் அதோடு சரி, யாருக்கும் அங்கிருந்து நகர மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு. ஐந்து பாலத்துக்கும் அதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று முடிவு செய்தோம். 4.45-க்குக் கிளம்பினோம். குடமுருட்டி தாண்டியதும் சாலை முழுக்கக் கூட்டம்: முளைப்பாரிகள், சித்திரான்னத் தூக்குகள், மூன்று பேர் ஏறிய மொபெட். கூட்டத்துக்கு வழிவிட்டு நடந்ததையும் சேர்த்து எனக்கு 1 மணி 56 நிமிடம். ஒருமுறைகூட மூச்சு முட்டி நிற்கவில்லை. காவிரிப் பாலத்து மேட்டில் அண்ணனிடம் முழு வாக்கியம்தான் பேசிக்கொண்டு போனேன்.

புஷ்ய மண்டபப் படித்துறையில் காலணியைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கி நின்றேன். காவிரி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் பூசை முடித்த ஒரு பாட்டி, வேர்த்து நனைந்த என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "எங்கேருந்து ஓடி வர்றே?" தஞ்சாவூர் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. என் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டு, உள்ளங்கை நிறையக் காப்பரிசி வைத்தார். வெல்லமும் தேங்காயும் வேர்வை உப்புமாகச் சேர்ந்து இனித்தது.