ஸ்ட்ராட் வாங்கும்போது காசு எங்கே போகிறது?

1954-ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) என்ற எலக்ட்ரிக் கிட்டாரின் வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. மாறியது விலைதான். ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டான ஸ்குவையர் பெயரில் சோனிக், அஃபினிட்டி, கிளாசிக் வைப் என்று மூன்று படிகள். இவை பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் தயாராகின்றன. அதற்கு மேல் மெக்சிகோவின் என்செனாடாவில் செய்யப்படும் பிளேயர். உச்சியில் கலிஃபோர்னியாவின் கொரோனாவில் செய்யப்படும் அமெரிக்கன் வரிசை. எல்லாவற்றுக்கும் ஸ்கேல் நீளம், அதாவது அதிரும் ஸ்ட்ரிங்கின் நீளம், ஒன்றே, 25.5 அங்குலம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் எது எது என்று சொல்வது கஷ்டம். ஆனால் கிளாசிக் வைப்பைவிட பிளேயர் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை, அமெரிக்கன் புரொஃபெஷனல் அதைப் போல இன்னும் இரண்டு மடங்கு.

இந்தக் கூடுதல் காசு முக்கியமாக இரண்டு இடங்களுக்குப் போகிறது. ஒன்று, நெக்கையும் (கிட்டாரின் கழுத்து), அதன்மேல் பதித்த ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகளையும் கையால் சீர்செய்யச் செலவாகும் நேரம். இன்னொன்று, பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்), ட்யூனர் (சுருதி சேர்க்கும் முறுக்காணி), பிரிட்ஜ் (பாடியில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பாகம்), ஸ்விட்ச் போன்ற பாகங்களின் தரம். பாகங்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நெக் அப்படி இல்லை. ஸ்ட்ராட்டின் நெக் நான்கு ஸ்க்ரூவில்தான் நிற்கிறது, கழற்றி வேறு போடலாம் என்பது உண்மையே. ஆனால் நல்ல நெக் தனியாக வாங்கினால் பட்ஜெட் கிட்டாரின் விலையையே தாண்டிவிடும். அதனால் எந்த விலையில் வாங்கினாலும் நெக்கைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பாடியின் மரம் ஆல்டரா பாப்லரா என்ற கேள்விக்கு இதில் பாதி நேரம்கூடச் செலவழிக்கத் தேவையில்லை.

கடையில் ஆம்ப்பில் செருகுவதற்கு முன் கிட்டாரைச் சும்மா கையில் எடுங்கள். இடது கையை நெக்கின் ஓரமாக மேலிருந்து கீழே ஓட்டுங்கள். ஃப்ரெட் முனைகள் விரலைக் கீறுகிறதா? ஈரப்பதமான ஊரில் தயாராகி, ஏசி ஓடிக்கொண்டே இருக்கும் ஷோரூமில் மாதக்கணக்கில் தொங்கும் கிட்டாரில் இது சகஜம். மரம் காய்ந்து அகலத்தில் சுருங்குகிறது, உலோகம் சுருங்குவதில்லை, முனை வெளியே நீட்டிக்கொள்கிறது. இது பயப்பட வேண்டிய குறை இல்லை. மாஸ்கிங் டேப் ஒட்டி, மெல்லிய அரத்தால் முனைகளைச் சமன் செய்து, ஓரத்தை மழுக்கினால் சரியாகிவிடும். சோனிக்கிலும் அஃபினிட்டியிலும் அடிக்கடி பார்க்கலாம். அமெரிக்கன் புரொஃபெஷனலில் ஃபிங்கர்போர்டு விளிம்பையே உருட்டிவிட்டிருப்பார்கள். கை வழுக்கிக்கொண்டு போகும் அந்தச் சுகத்துக்குத்தான் அந்த விலையில் ஒரு பங்கு.

அடுத்து, ஹெட்ஸ்டாக் (ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக் நெடுக பிரிட்ஜ் நோக்கிப் பாருங்கள். லேசாக உள்வளைவு இருப்பது சரி. ஒரு பக்கம் மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தால் அந்தக் கிட்டாரை அப்படியே மாட்டிவிட்டு அடுத்ததை எடுங்கள். முறுக்கலை டிரஸ் ராடு (நெக்குக்குள் இருக்கும், வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி) சரிசெய்யாது. பிறகு ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசியுங்கள். மெல்லிய ஈ ஸ்ட்ரிங்கை 15-ஆம் ஃப்ரெட்டில் ஒரு முழு ஸ்வரம் பெண்ட் செய்யும்போது (ஸ்ட்ரிங்கை ஓரமாகத் தள்ளிச் சுருதியை ஏற்றும்போது) ஒலி சட்டென்று செத்துப்போனால், ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங்கின் உயரம்) மிகத் தாழ்ந்திருக்கும், அல்லது மேலே ஏதோ ஒரு ஃப்ரெட் உயர்ந்து நிற்கும். ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் உயர்த்தியும் அதே இடத்தில் சாகிறது என்றால் ஃப்ரெட் லெவலிங் (எல்லா ஃப்ரெட்டையும் ஒரே உயரத்துக்குத் தேய்ப்பது) செய்தாக வேண்டும். பெண்ட் செய்யும்போது மணல் மேல் இழுப்பதுபோல் கரகரப்பது இதைவிடச் சின்ன விஷயம், பாலிஷ் போதும். ஆனால் ஸ்டீல் வூல் வேண்டாம். அதன் தூள் பிக்கப் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். 2000 கிரிட் தாள் போதுமானது.

பட்ஜெட் கிட்டார் டியூனிங்கில் நிற்பதில்லை என்று எல்லோரும் ட்யூனரைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி நட், அதாவது ஹெட்ஸ்டாக் ஓரத்தில் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் வெட்டுகள் உள்ள துண்டு. வெட்டு குறுகலாக இருந்தால் ஸ்ட்ரிங் அதில் மாட்டிக்கொள்கிறது. டியூன் செய்யும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டு சுருதி தாவினால் அதுதான் அடையாளம். வெட்டின் ஆழத்தையும் பார்க்க வேண்டும். ஸ்ட்ரிங்கை 3-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, 1-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு தாள் கனம் இருந்தால் நல்லது. அதற்கு மேல் நிறைய இருந்தால் எஃப் கார்ட் பிடிக்கக் கை வலிக்கும், முதல் மூன்று ஃப்ரெட்டிலும் சுருதி ஏறிக் கேட்கும். புதிதாகக் கற்பவர் தன் விரலைத்தான் குறை சொல்லிக்கொள்வார், பாவம். நட்டைச் சரிசெய்ய ஆகும் செலவு புது ட்யூனர் செட்டைவிடக் குறைவு. கிளாசிக் வைப்பில் எலும்பு நட் வருகிறது, ஆனால் எலும்பு என்பதாலேயே வெட்டு சரியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

பிக்கப்பில் வேறுபாடு காதுக்குத் தெரியும். சோனிக், அஃபினிட்டி இரண்டிலும் செராமிக் பிக்கப். கீழே ஒட்டிய பட்டைக் காந்தத்திலிருந்து ஸ்டீல் துண்டுகள் மூலம் காந்தப்புலம் மேலே வருகிறது. கிளாசிக் வைப்பிலும் பிளேயரிலும் அல்னிகோ, அதாவது துருவங்களே காந்தம். ஓவர்டிரைவ் போட்டு வாசிப்பவருக்கு இந்த வேறுபாடு அவ்வளவாகப் பெரிதில்லை. க்ளீன் டோனில், 2-ஆம் 4-ஆம் ஸ்விட்ச் நிலைகளில், அல்னிகோவின் துல்லியம் நன்றாகவே தெரியும். செராமிக்கை ஒதுக்குமுன் உயரத்தைச் சரிசெய்து பாருங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தால், தடித்த ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்புக்கும் நடுவே 2.4 மி.மீ., மெல்லியதுக்கு 2 மி.மீ. தொடக்கமாக வையுங்கள். மிக நெருக்கமாக இருந்தால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலையும்.

கழற்றி மாற்றுகிறவர்கள் அளவில் ஏமாறுவதுதான் அதிகம். ஸ்குவையரில் வரும் பாட்கள் (ஒலியையும் டோனையும் கட்டுப்படுத்தும் பொட்டன்ஷியோமீட்டர்கள்) பெரும்பாலும் சின்னவை. பெரிய பாட் போட பிக்கார்டு (பாடியின் முன்பக்கத் தகடு) துளையைப் பெரிதாக்க வேண்டும், பழைய நாப் (திருகும் குமிழ்) புது ஷாஃப்டில் உட்காராது. பிரிட்ஜ் வாங்குமுன் இரண்டு ஈ ஸ்ட்ரிங்குக்கும் இடையிலான தூரத்தையும், டிரெமோலோ (கைப்பிடியால் சுருதியை அசைக்கும் பிரிட்ஜ்) தாங்கி நிற்கும் ஸ்க்ரூக்களின் இடைவெளியையும் மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். மாடலுக்கு மாடல் வேறு. சிங்கிள் காயிலுக்கு 250 கே (கிலோ ஓம்) பாட் போதும்.

இனி, எதை வாங்குவது?

சோனிக்கை, வாசிப்பு தொடருமா என்றே தெரியாத சிறு பிள்ளைக்கு மட்டும் பரிந்துரைக்கலாம். அஃபினிட்டியை நேரில் பார்த்து, மேலே சொன்ன சோதனைகளைச் செய்து வாங்கினால் நல்ல கிட்டார் கிடைக்கும். ஆன்லைனில் வாங்கினால் அதிர்ஷ்டம்தான். எங்கள் கணக்கில் பெரும்பாலானவர்களுக்குச் சரியான இடம் கிளாசிக் வைப். அல்னிகோ பிக்கப், எலும்பு நட், பளபளப்பான நெக் என்று அந்த விலைக்கு நிறையவே கொடுக்கிறார்கள். ஆனால் 21 ஃப்ரெட், பழைய பாணி ஆறு ஸ்க்ரூ டிரெமோலோ. 22-ஆம் ஃப்ரெட்டும், டிரெமோலோ கையை அடிக்கடி இழுப்பதற்கு இரண்டு புள்ளி பிரிட்ஜும் வேண்டும் என்றால் பிளேயருக்குப் போகக் காரணம் உண்டு. ஹெட்ஸ்டாக்கில் ஃபெண்டர் பெயர் வேண்டும் என்பதும் தப்பான ஆசை இல்லை. பின்னால் விற்கும்போது அந்தப் பெயருக்கு விலை கிடைக்கும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு: அஃபினிட்டி வாங்கி அதில் பிக்கப், ட்யூனர், பிரிட்ஜ், எலக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றையும் மாற்றுவது. கூட்டிப் பார்த்தால் பிளேயரை நெருங்கிவிடும், விற்கப் போனால் அஃபினிட்டி விலைதான் கேட்பார்கள். அந்தக் காசில் பாதியை நல்ல ஆம்ப்பில் போடுங்கள், டோன் அதிகம் மாறும்.

எதை வாங்கினாலும் செட்டப்புக்குக் காசு ஒதுக்குங்கள். 1-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, 7 அல்லது 8-ஆம் ஃப்ரெட்டில் இடைவெளி 0.25 மி.மீ. அளவில் வையுங்கள். டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். 17-ஆம் ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங் உயரம் 1.6 மி.மீ., ஓங்கி அடிப்பவருக்கு 2 மி.மீ. இன்டனேஷனை, அதாவது மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி சரியாக இருக்கிறதா என்பதை, கடைசியில்தான் பார்க்க வேண்டும். இந்த அளவுகளெல்லாம் 9-42 (மெல்லிய, தடித்த ஸ்ட்ரிங்குகளின் கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) ஸ்ட்ரிங்குக்குப் பொருந்தும். 10-46 போட்டால் இழுவிசை கூடி டிரெமோலோ மேலே எழும்பும். பின்பக்க ஸ்பிரிங் ஒன்றைக் கூட்டி அல்லது க்ளா (ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகடு) ஸ்க்ரூவை இறுக்கி, எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் சாடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உட்காரும் துண்டு) ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து இறுகிவிடும், வாங்கிய வாரமே அவற்றில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைத்தால் பின்னால் ஆக்ஷன் மாற்றும்போது ஆலன் கீ வழுக்காது.

பயன்படுத்திய பிளேயர் கைக்கு வந்தால் முதல் மூன்று ஃப்ரெட்டில், மெல்லிய ஸ்ட்ரிங்குகளுக்குக் கீழே பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். லேசான பள்ளம் என்றால் லெவலிங் செலவைப் பேரத்தில் கழித்துக்கொள்ளலாம். ஃப்ரெட்டே தேய்ந்து தட்டையாகிவிட்டால் ரீஃப்ரெட் (புது ஃப்ரெட் போடுவது) செய்ய வேண்டிவரும், அந்தச் செலவோடு சேர்த்தால் புது கிளாசிக் வைப்பே மேல்.