ஐஸ் டான்ஸ்: மார்க் ஷீட்டில் நான் தேடுவது

"இவங்கதானே அழகா ஆடினாங்க, எப்படி இரண்டாவது இடம்?" ஐஸ் டான்ஸ் பார்க்க ஆரம்பித்த எல்லோருமே ஒருநாள் இதைக் கேட்பார்கள். இது ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து பனித்தரையில் ஆடும் நடனப் பிரிவு. அதன் மற்ற பிரிவுகளைப் போல மூன்று சுற்று, நான்கு சுற்று தாவல்கள் இதில் இல்லை. முன்னணி ஜோடிகள் விழுவதும் அபூர்வம். அதனால் வித்தியாசம் சட்டென்று கண்ணில் படாது. அதைப் பிடிக்கத்தான் ஒவ்வொரு போட்டி முடிந்ததும் மார்க் ஷீட்டைத் திறந்து உட்காருகிறேன்.

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். போட்டி இரண்டு சுற்று: முதலில் ஷார்ட் டான்ஸ், அடுத்து ஃப்ரீ டான்ஸ். இரண்டின் மார்க்கையும் கூட்டித்தான் முடிவு. ஃப்ரீ டான்ஸில் பிரான்ஸின் பாபடாகிஸ்–சிசெரோன் ஜோடி 123.35, கனடாவின் விர்ச்சூ–மோயர் ஜோடி 122.40. ஆனாலும் தங்கம் கனடாவுக்குத்தான். முந்தைய நாள் ஷார்ட் டான்ஸில் கனடா 83.67, பிரான்ஸ் 81.93. பாபடாகிஸின் உடையில் கழுத்துக் கொக்கி ஆட்டம் தொடங்கியதுமே கழன்றுபோனது அந்த நாளில்தான். எல்லாம் கூட்டினால் இடைவெளி 0.79. ஆட்டத்தின் ஓர் அம்சத்துக்குக் கிடைக்கும் லெவல், அதாவது கடினத்தின் தரம், ஒன்றே ஒன்று கூடினாலோ குறைந்தாலோ பதக்கத்தின் நிறம் மாறக்கூடிய இடைவெளி அது.

அந்த லெவலை முடிவு செய்வது நடுவர்கள் இல்லை. தனியாக ஒரு டெக்னிகல் பேனல் இருக்கிறது: இரண்டு ஸ்பெஷலிஸ்ட், ஒரு கன்ட்ரோலர். சந்தேகம் வந்தால் வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்து, மூவரில் பெரும்பான்மைப்படி முடிவு செய்வார்கள். அவர்கள் பார்ப்பது முகபாவத்தை அல்ல, பிளேடின் விளிம்பை. ராக்கர் என்ற திருப்பத்தைப் பாருங்கள். வெளி விளிம்பில் நுழைந்தால் வெளி விளிம்பிலேயே வெளியேற வேண்டும். திரும்பும் கணத்தில் பாதம் லேசாகச் சாய்ந்து உள் விளிம்புக்குப் போய்விட்டால் அது ராக்கரே இல்லை. அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் ஷீட்டில் பெண்ணுக்கு லெவல் 4, ஆணுக்கு லெவல் 3 என்று தனித்தனியாக விழுந்திருக்கும். காலடித் திருப்பங்கள் தொடராக வரும் ஸ்டெப் சீக்வென்ஸிலும், ஒற்றைக் காலில் சுழன்றபடியே நகரும் ட்விசிலிலும் இப்படி இருவரையும் பிரித்து அளப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஒருவர் மற்றவரின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

பெரிய போட்டிகளில் ஒன்பது நடுவர்கள். ட்விசில், ஸ்டெப் சீக்வென்ஸ் மாதிரியான ஒவ்வொரு அம்சத்தையும் எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்று −5 முதல் +5 வரை போடுவார்கள். அதிகபட்சம் ஒன்றையும் குறைந்தபட்சம் ஒன்றையும் நீக்கிவிட்டு மிச்ச ஏழுக்குச் சராசரி. அப்படியானால் ஒருதலைப்பட்சமான நடுவரால் ஒன்றும் ஆகாது என்று பலர் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு பேர் 3, இரண்டு பேர் 4 போட்டால் சராசரி 3.14. 3 போட வேண்டிய ஒருவர் 5 போட்டால் அந்த 5 நீங்கிவிடும், சரி. ஆனால் முன்பு நீங்கியிருக்க வேண்டிய 4 இப்போது உள்ளேயே தங்கிவிடும். சராசரி 3.29 ஆகிவிடும். நீக்கப்பட்ட மதிப்பெண்ணும் வேலை செய்துவிட்டுத்தான் போகிறது.

அதனால்தான் நடுவர் பெயர் வெளியே தெரிவது முக்கியம். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில், ஐஸ் டான்ஸ் அல்லாத இன்னொரு பிரிவான ஜோடி ஸ்கேட்டிங்கின் தீர்ப்பு பெரிய சர்ச்சையாகி, இரண்டாவதாக ஒரு தங்கம் கொடுக்க வேண்டி வந்தது. அதன் பிறகு 6.0ஐ உச்ச மதிப்பெண்ணாக வைத்த பழைய முறை போய் இப்போதைய முறை வந்தது. கூடவே யார் எந்த மார்க் போட்டார் என்பதையும் மறைத்துவிட்டார்கள். அழுத்தத்திலிருந்து நடுவர்களைக் காப்பாற்றத்தான் என்று காரணம் சொன்னார்கள். என் பார்வையில் அது கெட்ட முடிவு. 2016இல்தான் அந்தத் திரையை எடுத்தார்கள். இப்போது எந்த நாட்டு நடுவர் எந்த ஜோடிக்கு என்ன போட்டார் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அப்புறம், காம்பொனென்ட்ஸ், அதாவது தனித்தனி அம்சங்களுக்கு இல்லாமல் முழு ஆட்டத்துக்கும் நடுவர்கள் போடும் மார்க். முன்பு ஐந்து இருந்தன, 2022–23 சீசனிலிருந்து மூன்று: கம்போசிஷன் (நடன அமைப்பு), பிரசன்டேஷன் (வெளிப்படுத்தும் விதம்), ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ் (சறுக்கும் திறன்). ஒவ்வொன்றும் 10க்கு, கால் கால் மார்க்காக. என் பெரிய மனக்குறை இங்கேதான். ஒரு ஜோடியின் நடன அமைப்பு சுமாராக இருந்து, சறுக்கும் திறன் அபாரமாக இருக்கலாம். ஆனால் ஷீட்டில் 9.25, 9.25, 9.50 என்று மூன்றும் ஒட்டிக்கொண்டே நிற்கும். ஏற்கெனவே பெயர் வாங்கிய ஜோடிக்கு ஒரு வரிசை, புதிதாக வந்தவர்களுக்கு அதைவிடக் கீழே ஒரு வரிசை. மூன்றையும் தனித்தனியாக யோசித்துப் போட நடுவருக்கு நேரமே இல்லை. அம்சங்களுக்கு ஒரு குழு, காம்பொனென்ட்ஸுக்கு மட்டும் இன்னொரு குழு என்று பிரித்துவிட வேண்டும்.