வேலை செய்யாமலே கூலி

கோரிமேட்டு வீட்டுச் செம்பருத்திக்குத் தேன்சிட்டு தவறாமல் வருகிறது. பூவின் வாய்ப்பக்கம் பெரும்பாலும் எட்டிப்பார்ப்பதே இல்லை. கிளையில் தொற்றிக்கொண்டு, இதழ்களின் அடியில் அலகால் துளை போட்டுத் தேனை உறிஞ்சிவிடுகிறது. தேன்தான் கூலி, மகரந்தம் சுமப்பதுதான் வேலை; ஆனால் மகரந்தம் ஒரு பொட்டுகூட ஒட்டாது. பக்காத் திருட்டு!

இட்லிப்பூவின் குழலோ நீளம், ஊசி போல் மெல்லியது. நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிகளுக்கு அங்கே ராஜமரியாதை. அருகில் கறிவேப்பிலையும் இருந்தால் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். புழு தின்றது போக மிச்சம் ரசத்துக்கு. எங்கள் வீட்டில் இதற்கு இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை.

ஏற்காடு போகிறவர்கள் நாற்று வாங்கும்போது அடுக்குச் செம்பருத்தியை விட்டு, தேன் எளிதில் எட்டும் ஒற்றை இதழ் வகையைக் கேளுங்கள். பூச்சிமருந்து வேண்டாம். தேன்சிட்டு தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவது சிலந்தியும் சிறு பூச்சிகளும்தான்.