பால் கறந்தால் வேலை, காபி போட்டால்?

2025 ஜூன் 17, செவ்வாய்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கை நேற்று அரசிதழில் வந்துவிட்டது. இன்றைய நாளிதழை வகுப்புக்கு எடுத்துப் போனேன். எனக்கு நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறை. ஈராசிரியர் பள்ளியில் அப்படித்தான். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி செய்தியைத் திக்காமல் வாசித்தாள். 2027 மார்ச் 1 பிறக்கிற நள்ளிரவு 12 மணிக்கு நாட்டில் யார் யார் இருக்கிறார்களோ அதுதான் கணக்கு. பனி பெய்யும் மலைப்பகுதிகளுக்கு மட்டும் முந்தைய அக்டோபர் 1.

சுவரில் தமிழ்நாடு பற்றிய அட்டை தொங்குகிறது. மக்கள்தொகை: 7,21,47,030.

"அந்தக் கடைசி முப்பது பேர் யாரு டீச்சர்?" என்றான் நாலாம் வகுப்புப் பையன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முப்பது வரைக்கும் யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள் என்பது அவனுக்கு உறைத்திருக்கிறது. பெரியவர்களுக்கே உறைப்பதில்லை.

"இதுல நீங்க எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும்!"

அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் 2011 என்று இருக்கிறது. அதைப் படிக்கச் சொன்னேன். பிறகு அவரவர் பிறந்த ஆண்டு. 2015, 2016. கொஞ்ச நேரம் விரல் மடக்கல். அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அய்யோ, நம்ம யாருமே இல்ல!"

இந்த அறையில் அந்தத் தொகைக்குள் இருக்கிற ஒரே ஆள் நான்தான். தன்னை விட்டுவிட்ட ஓர் எண்ணைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு வருகிற கோபம் பாடம் நடத்த மிகவும் உதவுகிறது. இனி எந்த எண் பலகையில் ஏறினாலும் எந்த வருஷம் என்று கேட்பார்கள். பார்க்கலாம்.

ஜூன் 24, செவ்வாய்

நாமே ஒரு கணக்கெடுப்பு நடத்துவோம் என்று போன வாரமே சொல்லியிருந்தேன். ஒரே கேள்வி: வீட்டில் பெரியவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்? இன்று தாள்கள் வந்தன. பலகையில் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் கட்டு. இந்தக் கட்டுக் கட்டுகிற வேலையில் அவர்களுக்கு அலாதி இன்பம்.

அப்பாக்களுக்குப் பிரச்சினையே இல்லை. கொத்தனார், ஒரகடம் கம்பெனி, நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுபவர், இரண்டு நெசவு, சொந்த நிலம், டீக்கடை. அம்மாக்கள் என்று வந்ததும் பாதிக்கு மேல் ஒரே பதில். "எங்கம்மா சும்மாதான் இருக்குது டீச்சர்."

இதைச் சொன்ன பையனின் அம்மாவைக் காலை ஏழு மணிக்குத் தலையில் புல்கட்டோடு பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறேன். அந்த இடத்தில் அவனைத் திருத்தாமல் பலகையில் அப்படியே கோடு போட்டேன். தப்பான பட்டியல் பலகையில் ரெண்டு நாள் கிடக்கட்டும், அவர்கள் கண்ணிலேயே உறுத்தட்டும் என்று பட்டது.

மாலையில் ஒன்று கவனித்தேன். தாள்களில் முக்கால்வாசி அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டு எழுதியவை. அம்மாவிடம் கேட்டவர்கள் வெகு சிலர். பட்டியலில் இன்னொரு பத்தி சேர்க்க வேண்டும்: "சொன்னது யார்?"

ஜூலை 1, செவ்வாய்

கேள்வியை மாற்றி அனுப்பினேன். "என்ன வேலை?" என்று கேட்கக் கூடாது. "நேத்து எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?" என்று அம்மாவையே கேட்க வேண்டும். இடையில் பேசாமல் எழுத வேண்டும். பக்கத்தில் அப்பா பதில் சொன்னால் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும்.

வந்த தாள்களைப் படிக்க முழு நேரம் போதவில்லை. நாலரைக்கு எழுந்து மாட்டுக்கொட்டகை கூட்டுதல், பால் கறந்து சொசைட்டியில் ஊற்றுதல், சோறு, தண்ணீர், நூறு நாள் வேலை, புல் அறுத்தல், ஆடு ஓட்டி வருதல், மாமியாருக்கு மாத்திரை. "சும்மா" பையன் எழுதியது இரண்டு பக்கம். கை வலிக்கிறது என்று புகார் வேறு.

பிறகு அரசாங்கக் கணக்கில் எது வேலை என்று சொன்னேன். 2011 பிப்ரவரியில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போன ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. ஆகவே இது எனக்கு மனப்பாடம். கடந்த ஓராண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்திருந்தால் முதன்மை உழைப்பாளர். அதற்குக் கீழே என்றால் குறு உழைப்பாளர். கூலி வாங்காமல் சொந்த நிலத்தில் பாடுபட்டாலும் வேலைதான். வீட்டுக்கு மட்டும் என்று மாடு வைத்துப் பால் கறந்தாலும் வேலைதான். இது கையேட்டிலேயே இருந்தது. பலருக்குத் தெரியாது. சமையல், துணி, பாத்திரம், பிள்ளை பார்ப்பது இதெல்லாம் கணக்கில் வராது.

கொஞ்சம் அமைதி. முன்வரிசைப் பெண் எழுந்தாள். "பால் கறந்தா வேலை, அதே பாலைக் காய்ச்சிக் காபி போட்டா வேலை இல்லியா?"

பெரிய பெரிய பொருளாதார அறிஞர்கள் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிற இடம் அது. பதிலாக நான் இதைத்தான் சொன்னேன்: எங்கேயோ ஒரு கோடு கிழித்தால்தான் எண்ண முடியும், இந்தக் கோட்டை இங்கே கிழித்திருக்கிறார்கள், உனக்கு அது சரியில்லை என்று பட்டால் எங்கே கிழிப்பாய் என்று சொல். அரை மணி நேரம் சண்டை. "காசு வந்தாதான் வேலை" என்று ஒரு கட்சி. "அப்போ எங்க தாத்தா கழனி?" என்று எதிர்க்கட்சி. தாத்தா விளைந்த நெல்லை விற்பதில்லை, வீட்டுக்கே வைத்துக்கொள்கிறார். முதல் கட்சி அதோடு படுத்துவிட்டது.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. விதி அந்த அம்மாக்களை உழைப்பாளர் என்றுதான் சொல்கிறது. ஆனால் வாசலில் நிற்கிற ஆண், "அவ சும்மாதான் இருக்கா" என்று சொன்னால் எழுதுகிறவர் அதையே எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். ஒரு நாளில் இத்தனை வீடு முடிக்க வேண்டுமே. பெண்களைத் துருவிக் கேட்கச் சொல்லிப் பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். வெயிலில் மூன்றாவது தெருவில் எத்தனை பேர் துருவியிருப்பார்கள்? புத்தகத்தில் சதவீதம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்கள்தான் நினைவு வரும்.

ஜூலை 11, வெள்ளி

உலக மக்கள்தொகை நாள். சுவரொட்டிப் போட்டி நடத்தச் சொல்லிச் சுற்றறிக்கை. நடத்தினோம்.

மீதி நேரத்தில் ஊர்க் கால்நடைகளுக்குப் படவிளக்கம் வரைந்தார்கள். ஆட்டுக்குச் சின்ன ஆடு, எருமைக்குப் பெரிய எருமை. பார்த்தால் ஊரில் எருமைதான் அதிகம் போலத் தெரிகிறது, எண்ணினால் ஆடு மூன்று மடங்கு. இதற்கு மருந்து காலித் தீப்பெட்டி. ஒரு உயிருக்கு ஒரு பெட்டி, தரையில் நெருக்கி அடுக்க வேண்டும். எருமைப் படம் போட்டவன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "எருமை பெருசுதானே டீச்சர்?" பெரிசுதான். இங்கே எடை பார்க்கவில்லையே. செய்தித்தாள்களில் அழகழகாக வரும் வரைபடங்களிலும் இந்த எருமை அடிக்கடி வருகிறது என்பதை அவன் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.

ஜூலை 25, வெள்ளி

உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில். ஷேர் ஆட்டோ இரண்டில் திணித்துக்கொண்டு போனோம்.

மூன்றைப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்: கல்வெட்டு வெட்டிய சுவர், அங்கே வைத்திருக்கிற பலகை, வந்து போகிறவர்கள் சொல்கிற கதை. மூன்றும் ஒன்றையே சொல்கின்றனவா? சுவரை அவர்களால் படிக்க முடியாது. க, ர, வ மாதிரி ஒன்றிரண்டைக் கண்டுபிடித்துக் கத்தினார்கள். வாசகத்தின் அச்சுப்படி என் கையில் இருந்தது, அதை எளிதாக்கிச் சொன்னேன்.

ஊர்ச் சபையின் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற விதிகள். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919இல் ஒரு கல்வெட்டு, 921இல் ஒன்று. ஊரில் முப்பது குடும்பு, இப்போதைய வார்டு மாதிரி. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். இந்த இடத்தில் எல்லாப் பையன்களும் நெஞ்சை நிமிர்த்தினார்கள். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும்.

"ஏன் விரிக்கணும்?"

"வேற ஓலைய ஒளிச்சு வெச்சிருப்பாங்கன்னு!"

"அப்படின்னு கல்வெட்டுல எழுதியிருக்கா?"

"இல்ல. ஆனா யாராவது ஏமாத்தியிருப்பாங்க, அதான் விதி போட்டிருக்காங்க."

ஏமாற்றினார்களா, ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயம் மட்டுமா? சுவர் இதைச் சொல்லவில்லை. இந்த இடைவெளியில் அவர்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தேன். முதல் கல்வெட்டில் வயது வரம்பு முப்பதிலிருந்து அறுபது, இரண்டாவதில் முப்பத்தைந்திலிருந்து எழுபது. இரண்டே வருஷத்தில் ஏன் மாற்றினார்கள்? "சின்னவங்க சரியா செய்யல போல." "போல" என்று முடித்தானே, அதற்காகவே அவனுக்கு ஒரு கடலைமிட்டாய்.

கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது என்ற விதிக்குப் பலத்த கைதட்டல். அடுத்து யார் நிற்கலாம் என்று வந்தோம். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லி, தங்கள் வீட்டில் யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கச் சொன்னேன். கை தூக்கியவர்கள் குறைந்துகொண்டே வந்து, வேதத்தில் ஒருவரும் இல்லை. "அம்மா பேர் போடலாமா?" என்று காபிக் கேள்விக்காரி கேட்டாள். போட முடியாது. இது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர், அந்தச் சபையின் விதி இது. ஊரில் உழுதவர்களும் நெய்தவர்களும் இந்தக் குடத்துக்கு வெளியே.

இன்னொன்றும் சுவரில் இருக்கிறது. அரசன் ஆணைப்படி, அவன் அனுப்பிய அதிகாரி உடனிருக்கத்தான் இந்த விதிகள் எழுதப்பட்டன. மேடைப் பேச்சுகளில் இது வருவதே இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஜனநாயகம் என்று மார்தட்டிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கும் பெருமைதான். ஆனாலும் குடத்தில் யார் பெயர் இல்லை என்று கேட்கிற பிள்ளை இந்தச் சுவரை அதிகம் படித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது ஆட்டோக்காரர், "எல்லாம் ராஜா காலத்துலயே நேர்மையா ஓட்டுப் போட்டாங்க" என்றார். நாலாம் வகுப்பு கோரஸாகக் கேட்டது: "யாரு சொன்னா?"

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு, பெற்றோர் அனுமதித்த பிள்ளைகளோடு கிராம சபைக்குப் போனேன். பின்னால் தரையில் உட்கார்ந்தோம். என்ன எண்ணுவது என்பதை அவர்கள் விருப்பத்துக்கு விட்டேன். ஒருவன் நாற்காலிகளை எண்ணினான். ஒருவன் எத்தனை தடவை "தண்ணீர்" என்ற பேச்சு வந்தது என்று கோடு போட்டான். நல்ல எண்ணம், பாதியில் தூங்கிவிட்டான்.

காபிக் கேள்விக்காரி இரண்டு பத்தி போட்டிருந்தாள். வந்தவர்கள், பேசியவர்கள். இரண்டிலும் ஆண், பெண். வந்தவர்களில் பெண்கள்தான் கூடுதல், நூறு நாள் வேலைக்காரர்கள் மொத்தமாக வந்திருந்தார்கள். பேசியவர்களில் பெண்களின் கட்டம் கிட்டத்தட்டக் காலி. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று பாடத்தில் இருக்கிறதே, அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள்.

ஆனால் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு தகராறு. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா தெருவிளக்கு எரியவில்லை என்று இருந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டார். மைக் அவரிடம் போகவில்லை, தீர்மானப் புத்தகத்திலும் ஏறியிருக்காது. அவரைப் பேசியவர் கணக்கில் சேர்க்கலாமா? "மைக்ல பேசினாதான் பேச்சு" என்கிறான் நாற்காலி எண்ணியவன். "எல்லாருக்கும் கேட்டுச்சில்ல?" என்கிறாள் இவள். திங்கட்கிழமை வகுப்பில் முடிவு செய்வதாக இருக்கிறார்கள். எந்தப் பக்கம் முடிவானாலும் விதியைத் தாளின் மேலேயே எழுதிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.